கணக்கும் பொய்க்கவில்லை, கருவியும் பொய்க்கவில்லை

ஒரே பொருளை இருவர் ஆராய்கின்றனர். இருவரும் திறமையானவர்கள், இருவரும் நேர்மையானவர்கள். ஆயினும் ஒருவர் சொல்லும் எண் மற்றவர் சொல்லும் எண்ணோடு பொருந்தவில்லை. அந்நிலையில், யாரோ ஒருவர் தவறு செய்துவிட்டார் என்று முடிவு கட்டுவது மனித இயல்பு. நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பற்றிய ஆராய்ச்சி வரலாறு, அந்த அவசரம் கூடாது என்பதற்கு ஒரு சிறந்த பாடமாகும்.

கருத்தாகப் பிறந்த துகள்

சிலவகை அணுக்கருக்கள் சிதையும்போது எலக்ட்ரான் வெளிப்படுகிறது. அவ்வாறு வெளிப்படும் எலக்ட்ரானின் ஆற்றல் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவாக இருந்தது. மீதி ஆற்றல் எங்கே சென்றது என்பது விளங்கவில்லை. ஆற்றல் அழிவதில்லை என்ற விதியே இங்குச் செல்லாதோ என்று நீல்ஸ் போர் போன்ற பேரறிஞரும் ஐயுற்றார். மின்னூட்டமற்ற, கருவிகளுக்குப் புலப்படாத ஒரு துகள் அந்த ஆற்றலைச் சுமந்து செல்லக்கூடும் என்று 1930 டிசம்பரில் வோல்ஃப்காங் பவுலி கூறினார். 1956-இல்தான், அமெரிக்காவில் ஓர் அணு உலையின் அருகே, ஃபிரெடெரிக் ரைன்ஸ், கிளைட் கோவன் இருவரும் அதன் இருப்பை உறுதி செய்தனர்.

நியூட்ரினோ எதனுடனும் எளிதில் வினைபுரிவதில்லை. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில் சுமார் 6,500 கோடி, ஒவ்வொரு நொடியும் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பைக் கடந்து செல்கின்றன. நம் உடலோ அதை உணர்வதில்லை. இத்துகளைக் காண்பதற்குப் பூமியின் ஆழத்திற்குச் செல்ல வேண்டும். மேலே உள்ள பாறை மற்றக் கதிர்களைத் தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். 1965-இல் கர்நாடகத்தின் கோலார் தங்க வயலில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் சுவடு பதிவாயிற்று. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பான், இங்கிலாந்து நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து நிகழ்த்திய இச்சாதனை, இத்துறையின் முதற்கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

முப்பதாண்டுப் புதிர்

சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது எத்தனை நியூட்ரினோக்கள் பிறக்கும் என்று ஜான் பாகால் கணக்கிட்டார். அவற்றை அளக்க ரேமண்ட் டேவிஸ், தெற்கு டகோடாவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் சுமார் 600 டன் குளோரின் சேர்மத் திரவத்தைத் தொட்டியில் நிரப்பினார். அது சலவைக் கடைகளில் துணி வெளுக்கப் பயன்படும் திரவமே. நியூட்ரினோ தாக்கினால் குளோரின் அணு ஆர்கான் அணுவாக மாறும். அவ்வாறு மாதம் ஒன்றுக்கு உருவானவை ஏறத்தாழ பதினைந்து அணுக்கள். அத்தனை டன் திரவத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து எண்ண வேண்டும்.

1968-இல் முதல் முடிவு வெளிவந்தது. எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது என்பது போகப்போக உறுதியாயிற்று. கருவி பழுது என்றனர் சிலர். கணக்கு பிழை என்றனர் சிலர். டேவிஸ், அளவு தெரிந்த ஆர்கானைத் தொட்டியில் செலுத்தி, அதை மீட்டெடுத்துக் காட்டினார். பாகால் தம் கணக்கை மீண்டும் மீண்டும் சரிபார்த்தார். வேறுபாடு நீங்கவில்லை. தம் எண்ணை மற்றவருடையதோடு பொருந்துமாறு வளைக்க இருவரும் முற்படவில்லை.

விடை வேறிடத்தில் இருந்தது. நியூட்ரினோவில் மூன்று வகைகள் உண்டு. 1998-இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம், வளிமண்டல நியூட்ரினோக்கள் வழியிலேயே வகை மாறுகின்றன என்று காட்டியது. 2001, 2002 ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வகம், 1,000 டன் கனநீரின் துணையால் சூரிய நியூட்ரினோக்களின் எல்லா வகைகளையும் எண்ணியது. மொத்தம் பாகாலின் கணக்கோடு பொருந்தியது. டேவிஸின் கருவி ஒரு வகையை மட்டுமே உணரவல்லது. அதன் அளவும் சரியே. டேவிஸ் 2002-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வகை மாற்றத்தை நிறுவிய தகாக்கி காஜிடா, ஆர்தர் மெக்டொனால்ட் ஆகியோருக்கு 2015-இல் அப்பரிசு கிட்டியது.

இன்றைய வினாக்கள்

வகை மாறும் துகளுக்கு நிறை இருந்தாக வேண்டும். துகள் இயற்பியலின் அடிப்படைக் கொள்கையோ நியூட்ரினோவுக்கு நிறையில்லை என்றே அமைக்கப்பட்டிருந்தது. ஒரு புதிர் தீர்ந்தபோது பல வினாக்கள் எழுந்தன.

முதலாவது, அந்நிறை எவ்வளவு? ஜெர்மனியின் காட்ரின் ஆய்வு 2025-இல் வெளியிட்ட முடிவின்படி, அது 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்படாது. அதாவது எலக்ட்ரானின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. இரண்டாவது, மூன்று நிறைகளுள் எது பெரியது, எது சிறியது? இதை அறியச் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு திரட்டத் தொடங்கியது. மூன்றாவது, நியூட்ரினோ தனக்குத் தானே எதிர்த்துகளா? 1937-இல் எட்டோரே மயோரானா முன்வைத்த கருத்திலிருந்து எழுந்த இவ்வினாவுக்கு இன்னும் விடையில்லை. நான்காவது, பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகத் தோன்றியிருக்க வேண்டிய பிரபஞ்சத்தில் பொருள் மட்டும் எஞ்சியது ஏன்? அதன் காரணம் நியூட்ரினோவிடம் இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

பொருந்தாத இரு எண்களுள் ஒன்றைப் பிழையென்று தள்ளியிருந்தால், இவ்வினாக்கள் இவ்வடிவில் எழுந்திரா. தம் பணியில் உறுதி, பிறர் பணியில் மதிப்பு, விடை வரும்வரை பொறுமை ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த வேறுபாட்டைக் காத்தன. கருத்து வேற்றுமை எழும்போது, எதிரில் இருப்பவர் பொய்யர் என்று எண்ணுமுன், இருவர் கண்ணுக்கும் எட்டாதது ஏதேனும் இடையில் உளதோ என்று வினவிப் பார்ப்பது அறிவுடையோர் கடமை.