காவல்காரனுக்கு ஒரு கொக்கி

பொன்முடி மலையில் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. அங்கே ஒரு லயத்தில் ஒரு தாய் இருக்கிறார். கொழுந்து பறிப்பது அவர் வேலை. மகனுக்கு 17 வயது. அவனுக்கு ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றினார்கள். நோய் அடங்கியது. ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தது.

தாய் மலையிறங்கித் திருவனந்தபுரம் போனார். ஆஸ்பத்திரியில் கேட்டார்.

"சிஸ்டர், அவன் ரத்தத்தையே மருந்தாக்கித் தருகிறார்களாமே? மெய்யா?"

"மெய்தான் அக்கா. உட்காருங்கள், சொல்கிறேன்."

சிஸ்டர் சொன்னது இதுதான்.

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உண்டு. அவற்றில் ஒரு வகை டி செல். அது உடம்பின் காவல்காரன். கிருமி புகுந்த செல்லைக் கொல்லும். ஆனால் புற்றுநோய் வெளியிலிருந்து வந்த திருடன் அல்ல. நம் சொந்த செல்தான் கெட்டுப்போய்ப் பெருகுகிறது. வீட்டு ஆள் என்று நினைத்துக் காவல்காரன் விட்டுவிடுகிறான்.

ஆகவே டாக்டர்கள் நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்லைப் பிரிக்கிறார்கள். அதற்குள் ஒரு புதிய மரபணுவைச் சேர்க்கிறார்கள். மரபணு என்பது செல்லுக்குள் இருக்கும் கட்டளை. அதைச் சுமந்து போவது ஒரு வைரஸ்! பயப்பட வேண்டாம். நோய் தராதபடி மாற்றிய வைரஸ் அது. கட்டளை போய்ச் சேர்ந்ததும் டி செல்லின் மேல் ஒரு கொக்கி முளைக்கும். கெட்ட செல்லின் மேல் 'சிடி19' என்ற அடையாளம் இருக்கும். கொக்கி அதைப் பிடிக்கும். டி செல் அதைக் கொல்லும். மாற்றிய செல்களைக் கோடிக்கணக்கில் வளர்த்து, குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் உடம்பில் ஏற்றுகிறார்கள். இதுதான் கார்-டி சிகிச்சை.

2012-இல் அமெரிக்காவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு இதைக் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அங்கே இதற்குக் கோடிக்கணக்கில் செலவாகும். பிறகு மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து இங்கேயே உருவாக்கின. ராகுல் புர்வார் என்ற விஞ்ஞானி முன்னின்றார். 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. மருந்தின் பெயர் நெக்ஸ்கார்19.

"செலவு எவ்வளவு சிஸ்டர்?"

"30, 40 லட்சம்."

தாய் பேசவில்லை.

"அவசரப்பட்டு எதையும் விற்காதீர்கள் அக்கா. எல்லாப் புற்றுநோய்க்கும் இது இல்லை. பி செல் என்ற இன்னொரு வெள்ளை அணு உண்டு. அதில் வரும் சில புற்றுநோய்களுக்குத்தான். அதுவும் மற்ற மருந்து கேட்காதபோது. எல்லோருக்கும் பலிக்காது. கடும் காய்ச்சல் வரும். ரத்த அழுத்தம் இறங்கும். நல்ல பி செல்லும் சாகும். அதனால் கிருமி எளிதில் தொற்றும். தம்பிக்கு வந்தது எந்த வகை என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். உதவிப் பணம் உண்டா என்றும் கேளுங்கள். அதுவரை இப்போதைய மருந்தை நிறுத்த வேண்டாம்."

தாய் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுத்துக் கூட்டி எழுதினார்: 'பி செல்லா?' சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்கு வெளியே வரிசையில் நின்றார்.