கருப்பை வாய்ச் சிகிச்சைகளில் வலியும் மயக்கமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காப்பர்-டி பொருத்துதல், கருப்பையின் உட்படலத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி, மெல்லிய குழாய்க் கேமராவைக் கருப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பி, கருக்குழாய்களில் அடைப்பு உண்டா என்று சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் ஹெச்.எஸ்.ஜி. ஆகியவை பெரும்பாலும் அறுவை அரங்குக்கு வெளியே, நோயாளி விழித்திருக்கும்போதே, சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. சீக்கிரம் முடிவதாலேயே இவற்றின் வலியும் சிறியது என்ற எண்ணம் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் ஊறிப்போயிருக்கிறது. அதனால் எவ்வித ஆயத்தமும் இன்றி மேசையில் படுக்கும் பெண், வலியில் துடித்தோ தலைசுற்றி விழுந்தோ எழுந்த பின், அதைத் தன் குறையாக எண்ணி வெட்கப்பட்டு, அடுத்து வரவேண்டிய புற்றுநோய்ப் பரிசோதனையையே தள்ளிப்போடும் நிலை உண்டாகிறது.

நம்பிக்கை: கருப்பை வாயில் நரம்பு கிடையாது, அங்கே வலிக்காது.

இந்நம்பிக்கை பாமரர்களிடையே மட்டுமின்றி மருத்துவ வட்டாரத்திலும் நெடுங்காலம் நிலவியது. 1953இல் ஆல்ஃபிரட் கின்சியும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு நூல், கருப்பை வாயை மெல்லத் தொட்டபோது பெரும்பாலான பெண்கள் அதை உணரவில்லை என்று பதிவு செய்தது. மெல்லிய தொடுதலை உணராத இடம் வலியையும் உணராது என்று அத்தகைய பதிவுகளிலிருந்து முடிவு கட்டியதே பிழை. குடல், சிறுநீர்ப்பை போன்ற உள்ளுறுப்புகள் யாவும் தொடுதலைவிட இழுபடுவதையும் விரிவதையும் தசை இறுகுவதையுமே கூர்மையாக உணர்பவை. கருப்பையும் அதன் வாயும் இதற்கு விலக்கல்ல. கருப்பை வாயின் வலி, முதுகுத்தண்டின் அடியில் உள்ள திருவெலும்பு மட்டத்தின் 2, 3, 4ஆம் நரம்புகள் வழியாகச் செல்கிறது. கருப்பையின் உடற்பகுதியில் எழும் வலியோ அதற்கு மேலே, மார்புப் பகுதியின் 10ஆம் நரம்பு முதல் இடுப்புப் பகுதியின் முதல் நரம்பு வரையிலான வழியில் மூளையை அடைகிறது. 2011இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. படங்களின் உதவியால், கருப்பை வாயைத் தூண்டும்போது மூளையின் உணர்வுப் புறணியில் அதற்கென ஓரிடம் செயல்படுவதைக் காட்டினர்.

இந்த இரட்டை நரம்புப் பாதையை அறிந்தால், காப்பர்-டி பொருத்தும்போது வலி ஏன் விட்டுவிட்டு, வெவ்வேறு தன்மையில் வருகிறது என்பது விளங்கும். யோனியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் தருவது பெரும்பாலும் அழுத்தமே. கருப்பை வாயை அசையாமல் நிறுத்தக் கூர்முனைக் கவ்வியால் பிடிக்கும்போது சுரீரென்று முதல் வலி வருகிறது; கருப்பையின் ஆழத்தை அளக்கும் கம்பி உள்வாயைக் கடந்து மேற்சுவரைத் தொடும்போதும், பின்னர் சாதனம் உள்ளே விரியும்போதும், மாதவிடாய் வலியைப் போன்ற, சில வேளைகளில் அதைவிடக் கடுமையான, அடிவயிற்றுப் பிடிப்பு எழுகிறது. எந்த நொடியில் எந்த வலி வரும் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்ட பெண்ணுக்கு, அது எப்போது முடியும் என்பதும் தெரிந்திருக்கும். இவ்வளவையும் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும்.

நம்பிக்கை: பிரசவ வலியையே தாங்கியவளுக்கு இது ஒரு வலியா?

இயல்பாகப் பிள்ளை பெற்றவர்களுக்குக் கருப்பை வாய் முன்பே விரிந்திருப்பதால் இத்தகைய வலி சராசரியாகக் குறைவு என்பது மெய்தான். ஆனால் பிள்ளை பெறாதவர்களுக்கும், பிரசவ வலி தொடங்குமுன்னரே சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கும் கருப்பை வாய் அவ்வாறு விரிந்ததே இல்லை. மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜென் குறைவால் திசுக்கள் மெலிந்து உலர்ந்து, வாய் குறுகியும் போயிருக்கும். இவற்றோடு, மாதந்தோறும் கடும் மாதவிடாய் வலி காண்பவர்களுக்கும், கருப்பை உட்படலத் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் உள்ளவர்களுக்கும், முன்பொரு முறை வன்முறைக்கோ கடும் வலி தந்த பரிசோதனைக்கோ ஆளானவர்களுக்கும் வலி கூடுதலாக இருக்கக்கூடும். எனவே அண்டை வீட்டாரின் அனுபவமோ தாயின் அனுபவமோ ஒரு பெண்ணின் வலிக்கு அளவுகோல் ஆகாது. மருத்துவரின் மதிப்பீடும் முழுமையான அளவுகோல் அன்று: 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருப்பைக்குள் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்ட 200 பெண்கள், தாம் உணர்ந்த உச்ச வலிக்கு 100க்குச் சராசரியாக ஏறத்தாழ 65 மதிப்பெண் அளித்தனர், அதே வலிக்குப் பொருத்தியவர்கள் தந்த மதிப்பெண் ஏறத்தாழ 35. எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து வலியை அளந்துவிடலாம் என்ற பழக்கத்தின் குறையை இந்த இடைவெளி காட்டுகிறது.

நம்பிக்கை: மயங்கி விழுவது ரத்தக் குறைவாலோ மனக்கோழைத்தனத்தாலோ.

சோகை உள்ளவர்கள் எளிதில் களைத்துப்போவார்கள் என்றாலும், இச்சிகிச்சைகளின்போது சிலருக்கு வரும் மயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. கருப்பை வாய் இழுபட்டு விரியும்போது எழும் சமிக்ஞை மூளைத்தண்டை அடைந்து, அங்கிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது. வேகஸ் என்பது இதயத்துடிப்பைக் குறைக்கும் நரம்பு. அதே வேளையில் ரத்தக் குழாய்களை இறுக்கிவைத்திருக்கும் நரம்புகளின் செயல் தளர்வதால், ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்கி, ரத்த அழுத்தம் சரிந்து, மூளைக்குச் செல்லும் ரத்தம் சில நொடிகள் போதாமல் போகிறது. ஊசியையோ ரத்தத்தையோ கண்டு மயங்குவோருக்கும் இறுதியில் நிகழ்வது இதுவே. நல்ல உடற்கட்டும் நெஞ்சுரமும் உள்ளவர்களுக்கும் இது வரும். விருப்பத்தால் வரவழைக்கவோ வீம்பால் தடுக்கவோ இயலாத அனிச்சைச் செயல் இது.

தடுக்க இயலாது என்பதால் குறைக்கவும் இயலாது என்பதில்லை. மயக்கத்துக்கு முன் பெரும்பாலும் சில அறிகுறிகள் வருகின்றன: கொட்டாவி, குமட்டல், குளிர் வியர்வை, காதில் இரைச்சல், கண் இருட்டுதல். இவற்றில் ஒன்று தோன்றிய உடனே வாய்திறந்து சொல்வதுதான் முதற்காரியம். மருத்துவர் கையை நிறுத்திக்கொள்ளவும், மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தவும் அந்தச் சில நொடிகள் போதுமானவை. தசைகளை இறுக்கித் தேங்கிய ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் உத்தியும் பயனுடையது. அடிக்கடி மயங்கி விழும் 223 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மயக்கம் திரும்பியது. தசை இறுக்கும் பயிற்சியும் பெற்றவர்களில் அது மூன்றில் ஒரு பங்கினருக்கும் சற்றுக் குறைவு. ஆனால் இடுப்பையும் தொடையையும் இறுக்கினால் ஸ்பெகுலம் நுழைவது மேலும் வலிக்கும் என்பதால், மேசையில் படுத்திருப்பவர் இரு கைகளையும் கோத்துப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிப்பதே ஏற்றது.

‘மூச்சை நன்றாக இழுத்து விடு’ என்ற அறிவுரையிலும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அச்சத்தில் வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல்கள் மரத்துத் தலைசுற்றல் அதிகமாகும். இழுப்பது இயல்பாகவும் விடுவது நீளமாகவும் மெதுவாகவும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விரதம், ஏகாதசி என்று வெறும் வயிற்றோடும், ‘அடக்க வேண்டியிருக்குமே’ என்று தண்ணீர்கூடக் குடிக்காமலும் வருபவர்களுக்கு மயக்கம் எளிதில் வரும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் திட்டம் இருந்தால் மட்டுமே உண்ணாமல் வரவேண்டும். இல்லாவிட்டால் எளிய உணவும் போதிய தண்ணீரும் அவசியம்.

நம்பிக்கை: மயங்கியவரை எழுப்பி உட்காரவைத்து, சோடா கொடுக்க வேண்டும், கை கால் வெட்டினால் இரும்பைக் கையில் கொடுக்க வேண்டும்.

மயங்கியவரை நிமிர்த்துவது மூளைக்குப் போகும் ரத்தத்தை மேலும் குறைக்கும். சமதளத்தில் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலோர் ஓரிரு நிமிடங்களுக்குள் தெளிந்துவிடுவார்கள். நினைவு திரும்பாதவரின் வாயில் ஊற்றப்படும் எந்த நீரும் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். மூளைக்கு ரத்தம் குறையும் நொடிகளில் கை கால்கள் சிலமுறை வெட்டி இழுப்பதும் உண்டு. அது பெரும்பாலும் காக்கை வலிப்பு அன்று, இரும்புக்கு அதில் வேலையும் இல்லை. இதயத்துடிப்பு மிகக் குறைந்து மீளாமல் இருந்தால் மருத்துவர் அட்ரோபின் ஊசி போடுவார். முன்னறிவிப்பே இல்லாமல் மயங்கும் பழக்கமுடையவர்களும், இதயநோய் உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் கண்டவர்களும் அதை முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

நம்பிக்கை: ஒரு வலி மாத்திரை போதும், அதற்கு மேல் வேண்டுமென்றால் முழு மயக்கம்தான்.

சிலி நாட்டில் 2,019 பெண்களிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், முன்கூட்டி விழுங்கிய 400 மி.கி. இபுப்ரோஃபென், காப்பர்-டி பொருத்தும் கணத்து வலியைக் குறைக்கவில்லை. அத்தகைய மாத்திரைகள் பிந்தைய பிடிப்புக்கே கூடுதலாக உதவுகின்றன. கருப்பை வாயை இளக்குவதற்கென்று மிசோபிரோஸ்டால் மாத்திரையை எல்லோருக்கும் தருவதும் வயிற்றுப் பிடிப்பையும் குமட்டலையுமே மிகுவிக்கிறது. மாறாக, கருப்பை வாயைச் சுற்றி லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தும் முறை, பிள்ளை பெறாத பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சாதனம் பொருத்தும் வலியை 100க்கு 54இலிருந்து 33ஆகக் குறைத்தது. வலி முற்றாக நீங்காததற்குக் காரணம், கருப்பையின் மேற்பகுதி வலியைச் சுமக்கும் நரம்புப் பாதையை அந்த ஊசி முழுதாக எட்டாததே. ஹிஸ்டெரோஸ்கோப்பிக்கு மெல்லிய கருவியைத் தேர்வதும், ஸ்பெகுலமும் கவ்வியும் இல்லாமலேயே கேமராவை யோனி வழியே நேராகச் செலுத்துவதும் வலியைக் குறைக்கின்றன. இவற்றுக்கும் முழு மயக்கத்துக்கும் இடையே, அரைத்தூக்க நிலையில் வைக்கும் மருந்துகளும் உள்ளன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இலும், அந்நாட்டு மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2025இலும், வலியைப் பற்றியும் அதைக் குறைக்கும் வழிகளைப் பற்றியும் பெண்ணிடம் முன்னரே பேச வேண்டும் என்று வழிகாட்டின.

வலி நிவாரணத்தைக் கேட்பது சலுகை கேட்பது அன்று. தகவல்களைப் போதிய அளவு தெரிவித்த பின் பெறும் சம்மதமே செல்லத்தக்க சம்மதம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு மகளிர் மருத்துவ வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. எவ்வளவு வலிக்கலாம், அதற்கு என்ன மருந்து இருக்கிறது என்பவையும் சம்மதத்துக்குத் தேவையான தகவல்களே. ஆகவே மேசையில் படுக்கும் முன்பே, முன்பு மயங்கியதுண்டா, மாதவிடாய் வலி எப்படி, எதற்கு அச்சம் என்பதைப் பெண்கள் சொல்ல வேண்டும்; மரப்பு ஊசி உண்டா என்று கேட்க வேண்டும்; ‘நிறுத்துங்கள்’ என்றால் நிறுத்தப்படும் என்ற உறுதியைப் பெற வேண்டும். முடிந்ததும் உடனே இறங்காமல் சிறிது நேரம் படுத்திருந்து, பின் உட்கார்ந்து, அதன் பின் எழ வேண்டும். அன்று தனியே இருசக்கர வண்டி ஓட்டிச் செல்லாமல் ஒரு துணையோடு வீடு திரும்ப வேண்டும். வீடு சேர்ந்த பின் அடங்காத வயிற்றுவலி, காய்ச்சல், மிகுந்த ரத்தப்போக்கு, மீண்டும் மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குத் திரும்பிச் செல்ல வேண்டும்.