மனுவில் பத்திரிகைச் செய்தியைக் காட்டுவது எப்படி?

"எங்க தெரு தண்ணிப் பிரச்சினை பேப்பர்லயே வந்துடுச்சு" என்று மனுவில் எழுதினால் மட்டும் போதாது. எந்த நாளிதழ், எந்தத் தேதி என்று தெரிந்தால்தான் அதிகாரி அதை எடுத்துச் சரிபார்க்க முடியும். இந்த நான்கு விவரங்களையும் எழுதுங்கள்.

1. பெயர்: முதல் பக்கத்தில் அச்சிட்டுள்ளபடி முழுப் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். வெறுமனே 'இந்து' என்றால், ஆங்கில 'தி இந்து'வா, 'இந்து தமிழ் திசை'யா என்ற குழப்பம் வரும். 2013-இல் தொடங்கியபோது அந்தத் தமிழ் நாளிதழின் பெயரும் 'தி இந்து'தான்! பழைய செய்தி என்றால் அன்றைய பெயரையே எழுதி, பக்கத்தில் 'தமிழ் நாளிதழ்' என்று சேருங்கள்.

2. பதிப்பு: மதுரைப் பதிப்பில் வந்த உள்ளூர்ச் செய்தி சென்னைப் பதிப்பில் இல்லாமல் போகலாம். அதனால் ஊர்ப் பெயர் அவசியம்.

3. தேதி: "போன வாரம்" வேண்டாம், நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும்.

4. தலைப்பும் பக்கமும்: செய்தியின் தலைப்பு இரட்டை மேற்கோள் குறிக்குள்; கூடவே பக்க எண்.

எழுதும் முறை: "செய்தித் தலைப்பு", 'தினமணி', மதுரைப் பதிப்பு, தேதி, பக்க எண்.

மொபைலில் படம் எடுக்கும்போது, நாளிதழின் பெயரும் தேதியும் உள்ள மேல்வரியும் தெரியட்டும். இணையச் செய்தி என்றால் ஸ்கிரீன்ஷாட்டுடன் இணைப்பையும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த துண்டுச் செய்தியா? அந்த நாளிதழின் இ-பேப்பரில் தேடி, உறுதி செய்த பிறகே மனுவில் சேருங்கள்.