கறக்கும் கைக்கும் ஒரு நோட்டு

நம்ம கூட்டங்களில் மாட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் சாணம், கோமியம், பஞ்சகவ்யம், தீவனப்பயிர் என்று பொழுது சாயும்வரை பேசுவோம். கறக்கிற கையைப் பற்றிப் பேசுவது மட்டும் குறைவு. வேலையாள் வைத்துக் கறக்கும் உழவர்களுக்குப் பெரிய இழப்பு அங்கேதான் சத்தமில்லாமல் நடக்குது. அதே மாடு, அதே சோளத்தட்டு, அதே தவிடு. ஆள் மாறினால் பால் மாறுது. எவ்வளவு மாறுது, ஏன் மாறுது என்று தெரிந்துகொள்ள ஒரு நோட்டும் ஒரு தொங்குதராசும் போதும்.

எங்கள் கட்டுத்தரையில் கறவையில் எட்டு மாடுகள். பாதி காங்கேயம், பாதி கலப்பின ஜெர்சி. கறப்பது மூன்று பேர்: நான், வீட்டுக்காரம்மா, வேலைக்கு வரும் ஒரு அக்கா. மூன்று கைகளையும் ஒரே அளவுகோலில் பார்க்க நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாடு பாலை ஏன் அடக்குது?

மடியில் பால் இருந்தாலும் மாடு சுரப்பு விட்டால்தான் அது நம்ம கைக்கு வரும். கன்று முட்டும்போதும், காம்பைக் கழுவித் துடைக்கும்போதும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலந்து மடிக்கு வருது. அதற்கு ஏறக்குறைய ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம் பிடிக்கும். வந்தபின் அதன் வேலை ஐந்து முதல் ஏழு நிமிடம்தான். அதற்குள் கறந்து முடிக்கணும்.

மாடு பயந்தால், அடிபட்டால், புது ஆளைக் கண்டு மிரண்டால், அட்ரினலின் சுரந்து அந்த வேலையைத் தடுத்துவிடும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் காம்பு புண்ணாகுமே தவிரப் பால் வராது. ஆக, மாட்டுக்குத் தினமும் ஒரே ஒழுங்கு வேணும். யார் கறந்தாலும் அந்த ஒழுங்கு மாறக்கூடாது.

எல்லாக் கைக்கும் ஒரே வரிசை

கட்டுத்தரைச் சுவரில் சுண்ணாம்பு அடித்து இந்த வரிசையை எழுதி வைத்திருக்கிறோம்:

1. நகம் வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும்.
2. மடியைக் கழுவி, மாட்டுக்கு ஒரு துணி என்ற கணக்கில் ஈரமில்லாமல் துடைக்கணும்.
3. ஒவ்வொரு காம்பிலும் முதல் மூன்று நான்கு பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பார்க்கணும். திரி திரியாகவோ தண்ணியாகவோ ரத்தம் கலந்தோ வந்தால் அந்தப் பாலைத் தனியாக எடுக்கணும். தரையில் பீச்சக்கூடாது.
4. முழுக்கையால் பிடித்து அமுக்கிக் கறக்கணும். கட்டைவிரலை மடக்கி முட்டியால் கறப்பதும், விரலிடுக்கில் வைத்து இழுப்பதும் காம்பின் உள்தோலைக் கெடுக்கும்.
5. கன்றுக்கு விடும் மாட்டைத் தவிர மற்றதில் கடைசிப் பால் வரை எடுக்கணும்.
6. கறந்தபின் காம்பை அயோடின் கரைசலில் முக்கணும்.
7. உடனே தீவனம் போட்டு மாட்டை நிற்க வைக்கணும். காம்புத் துவாரம் மூட அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் சாணத்தில் படுத்தால் கிருமி உள்ளே போகும்.

மடிநோய் கண்ட மாட்டைக் கடைசியில்தான் கறக்கணும். தலையீத்துக் கிடாரி முதலில்.

இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசைதான். சுரப்பு விடுமுன் மாட்டினால் வெறும் காம்பை இயந்திரம் உறிஞ்சும். பால் நின்றபின் விட்டுவைத்தாலும் அதே கேடு. காற்றிழுப்பை நிறுத்திய பிறகுதான் குழாயைக் கழற்றணும்; வெடுக்கென்று பிடுங்கக்கூடாது.

நோட்டில் என்ன எழுதுவது?

ஏழு கட்டம் போதும்: தேதி, காலையா மாலையா, மாட்டின் பெயர், கறந்தவர், பால் எடை, எடுத்த நேரம், குறிப்பு. பாலை வாளியோடு தொங்கவிட்டு எடை பார்த்து, வாளி எடையைக் கழிக்கணும். நுரையோடு லிட்டர் அளந்தால் கணக்கு தப்பும். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ.

குறிப்புக் கட்டம்தான் முக்கியம். மாடு உதைத்ததா, கறக்கும்போது சாணி போட்டதா, பருவத்துக்கு வந்ததா, தீவனம் மாறியதா, கன்றுக்கு எத்தனை காம்பு விட்டோம் என்பதெல்லாம் அதில் வரணும். இந்தக் குறிப்பு இல்லாமல் எடையை மட்டும் பார்த்தால் மாட்டின் குறையை ஆள் தலையில் கட்டிவிடுவோம்.

எதை எதோடு ஒப்பிடுவது?

ஒரு மாட்டை இன்னொரு மாட்டோடு ஒப்பிட வேண்டாம். அந்த மாட்டை அதன் போன வாரத்தோடு ஒப்பிடுங்க. காலைப் பாலைக் காலைப் பாலோடு மட்டும் பாருங்க. நம்ம ஊரில் பெரும்பாலும் விடிகாலையும் பிற்பகலும் கறக்கிறோம். ராத்திரி இடைவெளி நீளம் என்பதால் காலையில் பால் கூடுதலாகவும் கொழுப்புக் குறைவாகவும் வரும். மாலையில் அது தலைகீழ். காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் கறந்தால், இது தெரியாமல் ஒருவர் மீது வீண்பழி விழும்.

ஒரு நாள் குறைந்ததை வைத்து முடிவுக்கு வராதீங்க. ஒரு வாரக் கணக்கைப் பாருங்க. குறைவு தொடர்ந்தால் ஆட்களை மாற்றி ஒரு வாரம் கறக்க விடுங்க. புதுக் கைக்கு மாடு பழக இரண்டு மூன்று நாள் ஆகும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிறகு பார்த்தால் மூன்றில் ஒன்று தெரியும்:

- குறைவு ஆளோடு போனால், கறக்கும் முறையைப் பாருங்க.
- குறைவு மாட்டோடு நின்றால், மடியையும் காம்பையும் பாருங்க.
- எல்லா மாட்டிலும் எல்லார் கையிலும் குறைந்தால் தண்ணீர், தீவனம், வெயில் மூன்றையும் பாருங்க.

சொசைட்டி ரசீதும் ஒரு சாட்சி. முதலில் வரும் பாலில் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம்தான் இருக்கும். கடைசியில் வரும் பாலில் அது 5 முதல் 10 சதவீதம் வரை போகும். முழுசாகக் கறக்காமல் எழுந்துவிட்டால் அளவும் குறையும், கொழுப்பும் இறங்கும். கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் பார்த்துத்தானே விலை போடுறாங்க. மடியில் தங்கும் பாலால் அடுத்தடுத்த நாள் சுரப்பும் மெல்லக் குறையும்.

காரணத்தைப் பிடிக்கணும்

எங்கள் நோட்டு காட்டிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பருவத்தில் அந்த அக்கா கறக்கும் மாலைப் பால் குறைந்தது. காலையில் அதே மாடுகளில் குறைவில்லை. வரிசையைப் பார்த்தபோது, குறைந்தது அவர் கடைசியாகக் கறக்கும் இரண்டு மாடுகளில் மட்டும்தான். எடுத்த நேரமும் அந்த இரண்டில் ஏறியிருந்தது. நோட்டை அவரிடமே கொடுத்து, "அக்கா, இதைப் பாருங்க, உங்களுக்கு என்ன தோணுது?" என்றேன். "பகல் பூராவும் கடலைக்காட்டில் களை வெட்டிட்டு வர்றேன் தம்பி, நாலாவது மாட்டுக்குப் போறப்ப விரல் மரத்துப் போகுது" என்றார்.

களைவெட்டு நாட்களில் அந்த இரண்டு மாட்டையும் வீட்டுக்காரம்மா எடுத்துக்கொண்டார். பால் பழைய அளவுக்கு வந்தது. நோட்டு இல்லாமலிருந்தால் "ஏன் அக்கா ஒட்டக் கறக்கலை?" என்ற ஒரு கேள்வியில் நல்ல கையை இழந்திருப்போம். கறக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது இன்றைக்கு எவ்வளவு அரிது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குறையைப் பலர் முன்னால் பேசாதீங்க. நோட்டை ஆட்களே எழுதட்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, வீட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். நம்ம கையும் அதே நோட்டில் வரணும். முதலாளி கறக்கும் பால் மட்டும் கணக்கில் வராது என்றால், அந்த நோட்டை யாரும் நம்பமாட்டாங்க.

கூலியை லிட்டர் கணக்கில் கட்டாதீங்க. அது அவசரத்தையும், கன்றின் பங்கில் கைவைப்பதையும்தான் வளர்க்கும். ஊக்கத்தொகை கொடுப்பதானால் ஒரு மாதம் மடிநோய் இல்லாமல் இருந்ததற்கும், காம்பு புண்ணில்லாமல் இருந்ததற்கும் கொடுங்க.

வண்டியில் வீடு வீடாகப் போய்க் கறக்கும் ஆளை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். ஒரு வீட்டு மடிநோய் அதே கையிலும் துண்டிலும் அடுத்த வீட்டுக்குப் போகும். வந்தவுடன் சோப்பும் வெந்நீரும் நம்ம வீட்டுத் துணியும் கொடுங்க.

வெளியே தெரியாத மடிநோய்

மடி வீங்குமுன்பே பால் குறைவது உண்டு. மாதம் ஒருமுறையாவது நான்கு காம்புப் பாலையும் நான்கு குழித் தட்டில் தனித்தனியாக எடுத்து, கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனைக் கரைசலைச் சம அளவு சேர்த்துச் சுழற்றிப் பாருங்க. கூழாகத் திரண்டால் அந்தக் காம்பில் நோய் இருக்கு. ஒரே ஆள் கறக்கும் மாடுகளில் மட்டும் இது அடிக்கடி வந்தால், அவர் கைகழுவலையும் துணியையும் பிடிக்கும் முறையையும் கூட இருந்து பார்க்கணும்.

நோய் தொடக்கத்தில் இருந்தால் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மரபுவழி மருந்து கைகொடுக்கும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கொஞ்சம் எடுத்து நீரில் கரைத்து, மடியை நன்றாகக் கறந்து கழுவியபின் முழு மடியிலும் தடவணும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள். காய்ச்சல் இருந்தாலோ, மாடு தீவனம் எடுக்காவிட்டாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. ஒரு காம்பு அடைத்துப் போனால் அந்த மாட்டின் விலையே இறங்கிவிடும்.

ரசாயனத்தைக் கைவிட்ட நமக்கு மடிநோய் வந்தபின் ஊசி தேடி ஓடுவதைவிட, வராமல் காப்பதுதான் வழி. அந்தக் காப்பு தினம் இரண்டு வேளை மாட்டின் மடியில் படுகிற கையில் இருக்கு. நாளைக் காலைக் கறவையிலேயே நோட்டைத் தொடங்குங்க. முதல் வரியில் உங்கள் பெயரை எழுதுங்க.