சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்

தோல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, மதுரையில் வெகுகாலம் இதே வேலை பார்த்த கிழவன் சொல்வது.

1. சிறுவயதில் புற்றுநோய் வந்து பிழைத்தவர்கள் உங்களிடம் அரிப்புக்கும் படைக்கும் மருந்து கேட்டுத்தான் வருவார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது 1954-இல். சிகிச்சை முடிந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிக்கவென்றே மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1991-இல் தனி கிளினிக் திறந்தது. அப்படிப் பிழைத்த பிள்ளைகள் இன்று மேலூரில் கடை வைத்திருப்பார்கள், திருமங்கலத்தில் வாத்தியாராக இருப்பார்கள். பழைய நோயைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அன்று வாங்கிய கதிர்வீச்சு பின்னாளில் தோலில் புற்றாக வரலாம் என்பதால் நாம்தான் கேட்க வேண்டும்.

2. "புற்றுநோய் இருந்ததா?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். "சின்ன வயசுல பெரிய ஆஸ்பத்திரியில இருந்தீங்களா, கரண்ட் வெச்சாங்களா?" என்றால் பதில் வரும். அதையும் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். பெண் பார்த்தபோது மறைத்த விஷயம் உங்கள் மேஜையில் உடைய வேண்டாம். சிலருக்கு விவரமே தெரியாது. ஏதோ காய்ச்சல் என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். அம்மாவுக்குப் போன் போடச் சொல்லுங்கள். பீரோவில் பழைய ஃபைல் கிடக்கும்.

3. கரண்ட், அதாவது கதிர்வீச்சு, எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதுதான் முக்கியம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படிப் பிழைத்தவர்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து வருகிறார்கள். 2005-இல் அவர்கள் தந்த கணக்குப்படி, மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சிறுவயதில் கதிர்வீச்சு வாங்கியவர்கள்; அவர்களுக்குக் கட்டி வந்ததும் பெரும்பாலும் கதிர் பட்ட இடத்திலேயே. பாதிப்பேருக்கு 31 வயதுக்குள் வந்துவிட்டது. 35 கிரேக்கு மேல் கதிர் வாங்கிய தோலில் ஆபத்து சுமார் 40 மடங்கு என்று 2012 ஆய்வு சொன்னது. ஆகவே ரத்தப் புற்று என்றால் தலைமுடியை வகிர்ந்து பாருங்கள். ஹாட்ஜ்கின் என்றால் கழுத்து, மார்பு. சிறுநீரகக் கட்டி என்றால் ஒரு பக்க விலா, இடுப்பு, முதுகு. முழங்கையில் இருக்கும் படையை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதினால் இதெல்லாம் கண்ணில் படாது. பெண்களைப் பார்க்கும்போது நர்ஸம்மா கூட இருக்கட்டும். கதிர் பட்ட இடம் சிலருக்குச் சதுரமாக, வறண்டு, முடியில்லாமல் தெரியும். மூலையில் குறிக்காகப் பச்சை குத்திய புள்ளிகூட இருக்கலாம்.

4. அந்தக் கணக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். எண்ணை அப்படியே நம்மூருக்குத் தூக்கி வந்து யாரையும் மிரட்டாதீர்கள். "கருப்புத் தோலுக்கு இதெல்லாம் வராது" என்று தள்ளவும் செய்யாதீர்கள். நம் நிறம் வெயிலை ஓரளவு தாங்கும். எக்ஸ்ரேயையும் காமாக் கதிரையும் தடுக்காது. நம்மவர்களுக்கு வரும் பேசல் செல் புற்று பெரும்பாலும் கருப்பாகவே இருப்பதால் மச்சம் என்று ஏமாந்துபோவோம். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: ஓரம் முத்துப்போல மினுங்கும், நடுவில் பொருக்கு. துண்டால் துவட்டும்போது பொருக்கு உதிரும், கொஞ்சம் ரத்தம் கசியும், மறுபடி மூடிக்கொள்ளும். வலிக்காது. வலிக்காததால்தான் வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

5. சுண்ணாம்பு வைத்தோ பார்லரில் சுட்டோ மருவை எடுக்க வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். நீங்களும் பயாப்ஸி அனுப்பாமல் எதையும் சுடாதீர்கள்.

6. விழித்திரைப் புற்றிலிருந்து மீண்டவர்கள் இந்த ஊரில் உங்களிடம் வரவே செய்வார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இலிருந்து இங்கேதான் இருக்கிறது. இரண்டு கண்ணிலும் வந்திருந்தால் அது பிறவியிலேயே வந்த மரபணுக் குறை. இவர்களுக்குக் கதிர் படாத இடத்திலும் மெலனோமா வரலாம். மச்சங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உள்ளங்கால், நகக்கண் உட்பட.

7. ஏப்ரல் நடுவில் மதுரைக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சித்திரைத் திருவிழாக் கூட்டமும் ஏறக்குறைய அப்போதுதான். போகாதே என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. கதிர் பட்ட இடத்தைத் துணியால் மூடு, மொட்டை போட்டால் துண்டைக் கட்டு, குடை எடு என்று சொல்லுங்கள். மல்லிகை பறிப்பவர்கள் பெரும்பாலும் வெயில் ஏறுமுன்னே வேலையை முடித்துவிடுவார்கள், அவர்கள் பாடு பரவாயில்லை. கட்டட வேலை பார்ப்பவருக்கு முழுக்கைச் சட்டை. விலை கூடிய சன்ஸ்க்ரீனை எழுதித் தள்ளாதீர்கள், வாங்க மாட்டார்கள்.

8. புற்று என்று தெரிந்தால் அறுவைதான் முதல் வழி. ஏற்கெனவே கதிர் வாங்கிய இடம், மறுபடி கரண்ட் என்று எளிதில் போகக்கூடாது. அந்த 2005 கணக்கில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ஒன்றுக்கு மேல் வந்திருக்கிறது. தையல் பிரிக்கும் அன்றே அடுத்த பரிசோதனைத் தேதியை நோட்டில் எழுதி, கரண்ட் வைத்த இடத்தை ஒரு படமாக வரைந்து கையில் கொடுத்து அனுப்புங்கள்.