கிரிவலமும் டோக்கன் கணக்கும்



திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். வழியில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை, எட்டுத் திசைகளுக்கு எட்டு லிங்கங்கள் உள்ளன. கோயில் வாசலிலிருந்து முதல் லிங்கம் வரை ஒரு கட்டம், பிறகு ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்வோம். எட்டையும் காண எட்டுக் கட்டம் நடந்தால் போதும்.

இப்போது ஒரு விநோதமான விதியைச் சேர்ப்போம். ஒரு லிங்கத்தைக் கண்டதும் வண்டியில் கோயில் வாசலுக்குத் திரும்பிவிட வேண்டும். அடுத்த லிங்கத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து நடக்க வேண்டும். எத்தனை கட்டம் நடப்போம்? 1+2+3+4+5+6+7+8 = 36!

‘இப்படி யாராவது நடப்பார்களா?’ என்று கேட்பீர்கள். கணினி நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்படித்தான் நடக்கின்றன. அவற்றின் உள்ளே இருக்கும் மொழி மாதிரிக்குச் சென்ற கேள்வி நினைவில் நிற்பதில்லை. ஆகவே நாம் ஒவ்வொரு முறை கேட்கும்போதும், அதுவரை நடந்த உரையாடல் முழுவதும் அதற்கு மீண்டும் அனுப்பப்படுகிறது. அது முதல் வரியிலிருந்து படித்துவிட்டுத்தான் விடை சொல்கிறது.

படிப்பதற்கும் எழுதுவதற்கும் கணக்கு உண்டு. மின்சாரத்துக்கு யூனிட் போல, இதற்கு அலகு ‘டோக்கன்’. ரேஷன் கடையில் தரும் டோக்கன் அன்று இது; கணினி வெட்டிக்கொள்ளும் சொல் துண்டு. 2025 மே மாதம் வெளியான ‘கிளாட் சானட் 4’ மாதிரிக்கு, பத்து லட்சம் டோக்கன் படிக்க 3 டாலர், எழுத 15 டாலர் என விலை வைத்தார்கள். எழுத ஏன் விலை அதிகம்? படிக்கும்போது பல டோக்கன்களை ஒரே நேரத்தில் கையாளலாம். எழுதும்போதோ ஒன்று முடிந்த பிறகே அடுத்தது வரும். முக்கியமான காரணம் இதுதான்.

தமிழில் கேட்டால் என்ன ஆகும்? ‘திருவண்ணாமலை’ என்பதில் நமக்கு ஏழு எழுத்து. கணினியில் ‘தி’ என்பது ‘த’வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு. இப்படி மொத்தம் 12 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்; ஆக 36 பைட். ஆங்கில எழுத்தில் இதே பெயர் 14 பைட்டில் அடங்கிவிடும். மேலும், அடிக்கடி சேர்ந்து வரும் பைட்டுகளே ஒரே டோக்கனாக இணைக்கப்படுகின்றன. பயிற்சிக்குத் தந்த நூல்களில் தமிழ் குறைவாக இருந்தால், தமிழ்ச் சொல் பொடிப்பொடியாக உடையும்.

2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் ‘ஜிபிடி-4ஓ’வை வெளியிட்டபோது ஓர் எடுத்துக்காட்டைக் காட்டியது. ஒரே செய்திக்கு முந்தைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கன், தமிழில் 116 டோக்கன். புதிய முறையில் ஆங்கிலத்துக்கு 24, தமிழுக்கு 35. நான்கு மடங்குக்கும் மேலாக இருந்த வேறுபாடு ஒன்றரை மடங்காகக் குறைந்தது. துண்டாக்கும் முறையைத் திருத்தினால், தாய்மொழியில் கேட்பவரின் செலவும் குறையும் என்பதற்கு இது சான்று.

சரி, ‘வரம்பு’ ஏன் வந்தது? 2022 ஜூனில் ‘கிட்ஹப் கோபைலட்’ மாதம் 10 டாலர் என்ற ஒரே கட்டணத்துடன் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பத்துக் கேள்வி கேட்டவருக்கும் இரவு பகலாகக் கேட்டவருக்கும் அதே கட்டணம்! ஆனால் கணிப்பொறிகளும் மின்சாரமும் அளவுக்கு உட்பட்டவை அல்லவா? ஆகவே 2025 ஜூனில் கோபைலட், உயர்தர மாதிரிகளுக்கு மாத வரம்பை நடைமுறைப்படுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘கிளாட் கோட்’ கருவிக்கு வார வரம்பு வந்தது. வரம்பு முடிந்ததும் சில சேவைகளில் காத்திருக்க வேண்டும். சிலவற்றில் கூடுதல் கட்டணம் ஏறும். எது என்பதை முன்னதாகவே தெரிந்துகொண்டு, செலவுக்கு உச்ச அளவு குறித்து வையுங்கள்.

முன்பே படித்த பகுதிக்குச் சில சேவைகள் சலுகை விலை தருகின்றன. ஆயினும் நல்ல சிக்கனம் நம் கையில்தான் இருக்கிறது. ஒரு வேலை முடிந்ததும் புதிய உரையாடலைத் தொடங்குங்கள். தேவையான கோப்பை மட்டும் கொடுங்கள்.

ஒவ்வொரு கேள்வியும் விடையும் சேர்ந்து ஒரு கட்டம் என்று கொண்டால், ஒரே உரையாடலில் 20 கேள்விக்கு 20×21÷2 = 210 கட்டம். பத்துப் பத்தாக இரண்டு உரையாடலில் கேட்டால் 55+55 = 110 கட்டம்தான். ஐந்தைந்தாக நான்கு உரையாடலில் கேட்டால்? காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இதற்கு டோக்கன் செலவே இல்லை!