பிச்சைச் சம்பளமா, முதுமையின் உரிமையா?

‘பிச்சைச் சம்பளம்’ என்ற சொல்லைக் கேள்விப்படாத ஊர் கல்முனைக் கரையோரத்தில் இல்லை. ஆதரவற்ற முதியோருக்கும் விதவைகளுக்கும் நோயாளருக்கும் மாகாண சமூகசேவைத் திணைக்களம் வழங்கும் பொதுசன மாதாந்த உதவிப்பணத்துக்கு மக்கள் இட்ட பெயர் அது. பெயர் சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால், “இந்த வயசில பிச்சைக் காசுக்குப் போய் நிக்கிறதா?” என்று சொல்லி, விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் மூத்தம்மாமாரையும் மூத்தவாப்பாமாரையும் நாம் காண்கிறோம். ஒரு சொல் ஒருவரின் சோற்றைத் தடுக்கிறது. எனவே, முதியோருக்கு அரசு வழங்கும் கொடுப்பனவு எத்தகையது, அதைப் பெறும் வழி என்ன என்பதை இவ்விதழில் ஆராய்வோம்.

இவர்கள் யார்?

அரசாங்க உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் உண்டு. கம்பனிகளிலும் தோட்டங்களிலும் உழைத்தோருக்கு 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் சேமலாப நிதி உண்டு. மருதமுனையில் கூலிக்குத் தறி நெய்தவருக்கும், சம்மாந்துறை வயல்களில் கதிர் அறுத்தவருக்கும், சாய்ந்தமருதுக் கரையில் கரைவலை இழுத்தவருக்கும், வீட்டிலிருந்து பாய் இழைத்து விற்ற பெண்ணுக்கும் என்ன உண்டு? விவசாயிகளுக்கு 1987 இலும் மீனவருக்கு 1990 இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாகின. ஆனால் அவை உழைக்கும் காலத்தில் சந்தா கட்டியவர்களுக்கே உரியவை. நாட்கூலிக்காரருக்கு அன்றைய உலைக்கே அரிசி போதாதிருக்க, சந்தாவுக்கு எங்கே போவது?

இவர்கள் உழைக்காதவர்கள் அல்லர். உழைப்புக்குப் பதிவேடு இல்லாதவர்கள். கடையில் வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் மறைமுக வரி கட்டியவர்கள். ஆகவே அரசு இவர்களுக்குத் தருவது தானமன்று.

கொடுப்பனவு வளர்ந்த வரலாறு

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதடைந்தோரை முதியோர் என வரையறுத்து, தேசிய முதியோர் சபையை உருவாக்கியது. அச்சட்டத்தின் பெயரிலேயே ‘உரிமை’ என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். 70 வயதைக் கடந்த குறைந்த வருமானம் உடையோருக்கு மாதாந்தக் கொடுப்பனவு 2012 இல் ரூபா 1,000 ஆகத் தொடங்கியது. பின்னர் ரூபா 2,000 ஆனது. 2022 செப்டெம்பரில் பொருட்களின் விலை ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. 2024 இல் ரூபா 3,000 ஆகவும், 2025 இல் ரூபா 5,000 ஆகவும் அது உயர்த்தப்பட்டது.

2023 இல் சமுர்த்தியின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. அஸ்வெசும பெறும் குடும்பங்களிலுள்ள முதியோரின் கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதற்கு முன்னர் தபாற் கந்தோர் வரிசையே முதியோரின் வழியாக இருந்தது.

வீட்டின் செழிப்பும் முதியவரின் வறுமையும்

இங்குதான் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. நம் கரையோரத்தில் முஸ்லிம், தமிழ் ஆகிய இரு சமூகங்களிலும் மகளுக்கு வீடு கொடுத்தே கலியாணம் செய்வது வழக்கம். பெற்றோர் வாழ்நாள் முழுதும் சேர்த்துக் கட்டிய வீடு மகளின் பெயருக்குப் போகிறது. தாய் பின்னறைக்கோ குசினிப் பக்கத்துக்கோ ஒதுங்குகிறாள்.

இப்படியான ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். மருமகன் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார். வீட்டுக்கு ஓடு உண்டு, மின்சாரம் உண்டு, குளிர்சாதனப் பெட்டி உண்டு. அஸ்வெசும குடும்பத்தையே ஓர் அலகாக எடுத்து, கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 சுட்டிகளைக் கொண்டு அளக்கிறது. அந்த அளவுகோலில் இவ்வீடு வறிய வீடு அன்று. ஆனால் அத்தாயின் கையில் மருந்துக்கும் வெற்றிலைக்கும் காசில்லை. கண்வைத்தியரிடம் போக மகளிடம் கேட்கவேண்டும், மகள் கணவனிடம் கேட்கவேண்டும். வீட்டை அளந்தோம், அதன் பின்னறையில் இருப்பவரை அளக்கவில்லை.

அதற்காக மகளைக் குற்றஞ்சாட்டுவதும் முறையன்று. அவளுக்கும் பிள்ளைகளும் கடனும் உண்டு. முதியவரின் கையில் சொந்தமாகச் சிறு தொகை இருக்கும்போது வீட்டில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பேரப்பிள்ளைக்கு ஒரு பென்சில் வாங்கிக் கொடுக்கும் மகிழ்ச்சியும் உண்டு. உண்மையாகவே பிள்ளைகள் கைவிட்டால், தன்னைத் தானே பராமரிக்க முடியாத முதியவர் பராமரிப்புச் சபைக்கு முறையிடலாம் என்பதையும் மேற்கூறிய சட்டம் கூறுகிறது.

நாம் செய்யவேண்டியவை

1. வயதை உறுதிசெய்தல். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று எண்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஓர் அம்மாவின் இலக்கம் 55540 எனத் தொடங்கினால் அவர் 1955 இன் 40 ஆவது நாளாகிய பெப்ரவரி 9 இல் பிறந்தவர். அட்டையில் ஆண்டு பிழையாக இருப்பின் கொடுப்பனவும் ஆண்டுக்கணக்கில் பிந்தும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் ஆவணங்களை இழந்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவின் பிரதியைக் கேட்கவேண்டும். பதிவே இல்லாதவிடத்து உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழி உண்டு.

2. பெயரைப் பட்டியலில் சேர்த்தல். “இப்ப காசில்ல, பிறகு பாப்பம்” என்ற பதிலுடன் திரும்பிவிடக் கூடாது. கிராம உத்தியோகத்தர் ஊடாக எழுத்தில் விண்ணப்பித்து, காத்திருப்போர் பட்டியலிலாவது பெயரைச் சேர்க்கவேண்டும். 2020 இல் கொரோனா முடக்கத்தின்போது அரசு முதியோருக்கு ரூபா 5,000 வழங்கியபோது, காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்கும் அது கிடைத்தது. பட்டியலில் இல்லாதவர் அரசின் கண்ணுக்குத் தெரியாதவர்.

3. காரணம் கேட்டல். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீடு செய்து அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிடின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி காரணத்தைக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானம் பொதுவாக 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கப்படவேண்டும்.

4. காசு உரியவரின் கைக்குச் சேர்தல். வங்கிப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, காசை யார் எடுக்கிறார் என்பதை முதியோர் சங்கம் அன்போடு விசாரிக்கவேண்டும்.

பிற நாடுகளில்

பிரித்தானியாவிலும் முன்னர் வறிய முதியோர் ஏழைகள் சட்டத்தின் கீழ் வெட்கத்தோடுதான் உதவி பெற்றனர். 1908 இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறி, 1909 ஜனவரி முதல் 70 வயதைக் கடந்த வறியோருக்கு வாரம் 5 சிலிங் வரை தபாற் கந்தோரில் கொடுக்கப்பட்டது. ஏழைகள் சட்ட நிலையங்களின் வாசலுக்குப் போகாமல், எல்லோரும் போகும் தபாற் கந்தோருக்குப் போனதே அவர்களுக்குப் பெரிய மாற்றமாயிற்று. இலங்கையிலும் 1939 இல் ஏழைகள் சட்டம் வந்தது. நம் ‘பிச்சைச் சம்பளத்தின்’ வேர் அந்தக் காலத்துச் சிந்தனையில் இருக்கிறது. நம்மைவிட வறிய நேபாளமோ 1990களின் நடுப்பகுதியில், 75 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமானம் பார்க்காமலே சிறு தொகையொன்றை வழங்கத் தொடங்கியது. அனைவருக்கும் கிடைப்பதை எவரும் பிச்சை என்பதில்லை.

ஸகாத் வறியவருக்குரிய பங்கு, கொடுப்பவரின் பெருந்தன்மையன்று என்பது இக்கரையோர மக்கள் பிள்ளைப் பருவத்திலேயே கற்ற பாடம். அதே அளவுகோலை அரசின் கொடுப்பனவுக்கும் பிரயோகித்தால் போதும். ‘பிச்சைச் சம்பளம்’ என்ற சொல்லை முதலில் நம் வாயிலிருந்து எடுப்போம்.

குழுவாகச் சிந்திக்க

1. நமது வட்டாரத்தில் 70 வயதைக் கடந்தோர் எத்தனை பேர்? அவர்களில் கொடுப்பனவு பெறாதோர் யார், ஏன்?

2. மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும்போது, பெற்றோரின் சீவிய உரிமையை உறுதியில் குறிப்பிடும்படி குடும்பங்களை எவ்வாறு தூண்டலாம்?

3. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வோர் அங்கத்தவரும் ஒரு முதியவரின் அடையாள அட்டையைப் பார்த்து, அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க முடியுமா?